சோதனை விமானி என்னும் வாசல்

2025 ஜூன் 25 அன்று ஃபுளோரிடாவிலிருந்து ஆக்ஸியம்-4 விண்கலம் கிளம்பியபோது இந்தியாவின் கவனமெல்லாம் சுபான்ஷு சுக்லாவின் மேல் இருந்தது. இயல்புதான். ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு 41 ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியர் விண்வெளிக்குப் போகிறார். அந்தக் கலத்தில் சுக்லா பைலட். கமாண்டராக இருந்தவர் பெகி விட்சன். அயோவா மாநிலத்துப் பண்ணையொன்றில் வளர்ந்து, உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, ராணுவத்தில் ஒருநாள்கூடப் பணியாற்றாத பெண் அவர். இந்திய விமானப்படையின் சோதனை விமானி ஒருவர் அவருடைய கட்டளைக்குக் கீழே பறந்தார். இதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு கேள்வி எழுந்திருக்கும்: விட்சன் இந்தியாவில் பிறந்து, இந்தியாவின் மனித விண்வெளித் திட்டமான ககன்யானுக்கு வர ஆசைப்பட்டிருந்தால், முதல் சுற்றுக்காவது கூப்பிட்டிருப்பார்களா? கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ககன்யானின் முதல் குழுவுக்கு விமானப்படையின் சோதனை விமானிகளை மட்டுமே பரிசீலித்தார்கள். விட்சனின் பெயர் அந்தப் பட்டியலுக்குள் வருவதற்கே வழியில்லை.

பெண்கள் ஏன் தலைமைப் பொறுப்புக்கு வருவதில்லை என்று ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் தேர்வு நடக்கும் அறையையே பார்க்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் மனச்சாய்வைத் தேடுகிறார்கள். விமானமும் விண்வெளியும் சார்ந்த துறைகளில் அந்த அறைக்குள் பெரிதாக எதுவும் கிடைக்காது என்பது என் எண்ணம். அங்கே இருப்பவர்கள் நேர்மையாகவே நடந்திருக்கலாம். தகுதியுள்ள பெண்கள் யாரும் இல்லை என்று அவர்கள் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மை, அதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு நிறுவனம் போட்ட தடையின் மிச்சம். தடை எடுக்கப்பட்ட பிறகும் அது தகுதி என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. சட்டத்தில் இருக்கும் தடையை எதிர்த்து வழக்குப் போடலாம். தகுதியாக மாறிவிட்ட தடையை எதிர்த்து என்ன செய்வது?

இது எப்படி நடக்கிறது என்பதற்கு, அமெரிக்காவின் முதல் மனித விண்வெளித் திட்டமான மெர்குரியைவிடத் தெளிவான சான்று இல்லை. 1958 டிசம்பரில் நாசா தயாரித்த முதல் அறிவிப்பு வரைவு, ஆண்கள் மட்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்த வரைவு வெளியாவதற்குள் அதிபர் ஐசனோவர், ராணுவத்தில் ஏற்கெனவே இருக்கும் சோதனை விமானிகளிலிருந்தே ஆட்களை எடுங்கள் என்று முடிவு செய்துவிட்டார். அதனால் பட்டியல் மாறியது: வயது 40-க்குக் கீழே, உயரம் 5 அடி 11 அங்குலத்துக்குள், பட்டப்படிப்பு அல்லது அதற்கு இணையான தகுதி, சோதனை விமானிப் பள்ளியில் தேர்ச்சி, 1,500 மணிநேரம் பறந்த அனுபவம், ஜெட் ஓட்டும் தகுதி. 508 பேரின் பணிப்பதிவேடுகளைப் புரட்டினார்கள். 110 பேர் தேறினார்கள். அவர்களிலிருந்து எழுவரை 1959 ஏப்ரல் 9 அன்று உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். பாலினம் பற்றிய நிபந்தனை இப்போது எங்கும் தேவைப்படவில்லை. அன்றைய அமெரிக்க ராணுவம் பெண்களை விமானிகளாகச் சேர்க்கவில்லை. ராணுவத்தின் வழியாக அல்லாமல் சோதனை விமானிப் பள்ளிக்குள் போக முடியவில்லை. எனவே "சோதனை விமானி" என்ற சொல்லே ஆண் என்பதையும் உள்ளே வைத்துக்கொண்டிருந்தது. முதல் வரைவு சொல்லிச் செய்ததை இரண்டாவது பட்டியல் சொல்லாமல் செய்தது.

பெண்களுக்கு அந்த வேலை தெரியாது என்பதல்ல விஷயம். இரண்டாம் உலகப் போரின்போது வாஸ்ப் என்ற அமைப்பில் 1,074 பெண்கள் பயிற்சி முடித்து அமெரிக்க ராணுவ விமானங்களை ஓட்டினார்கள். தொழிற்சாலைகளிலிருந்து தளங்களுக்கு விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பழுதுபார்த்த விமானங்களைப் பறந்து சோதித்தார்கள். பயிற்சியிலும் பணியிலுமாக 38 பேர் இறந்தார்கள். அவர்களில் ஆன் பாம்கார்ட்னர் 1944 அக்டோபரில் ரைட் ஃபீல்டில் சோதனைக் கட்டத்திலிருந்த ஜெட் விமானத்தையே ஓட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் அமைப்பைக் கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 1977 வரை ஆயிற்று. அந்த அமைப்பு தொடர்ந்திருந்தால் 1959-இல் 15 ஆண்டு ஜெட் அனுபவமுள்ள பெண்கள் சிலராவது இருந்திருப்பார்கள் என்று கணக்குப் போடுவது தவறாகாது. 1944-இல் மூடிய கதவின் விலை 1959-இல் தெரிந்தது. அப்போது அதை விலை என்று யாரும் எண்ணவில்லை; இயற்கை என்று எண்ணினார்கள்.

பிறகு வந்த அத்தியாயம் பலரும் அறிந்தது. மெர்குரி வீரர்களின் உடற்தகுதியைச் சோதித்த மருத்துவர் லவ்லேஸ், 1960-இல் ஜெர்ரி காப் என்ற விமானியையும், அடுத்த ஆண்டு மேலும் சில பெண்களையும் தன் சொந்த முயற்சியில் அதே சோதனைகளுக்கு உட்படுத்தினார். 13 பேர் தேறினார்கள். அடுத்த கட்டச் சோதனைகள் பென்சகோலா கடற்படைத் தளத்தில் நடப்பதாக இருந்தன, நாசா கேட்காமல் செய்ய முடியாது என்று கடற்படை கைவிரித்தது, நாசா கேட்கவில்லை. 1962 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இரண்டு நாள் விசாரித்தது. காப் அதுவரை 10,000 மணிநேரத்துக்கு மேல் பறந்தவர். எதிர்த்தரப்பில் சாட்சி சொன்ன மெர்குரி வீரர் ஜான் க்ளென், ஆண்கள் போருக்குப் போய் விமானம் ஓட்டுவதும் பெண்கள் அதில் இல்லாததும் நம் சமூக அமைப்பின் உண்மை என்ற பொருளில் பேசினார். இதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அது ஒருவகையில் நேர்மையான சாட்சியமாகவே படுகிறது. பெண்களால் முடியாது என்று அவர் வாதாடவில்லை. வாசல் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார். அதை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதே விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. தேர்வானபோது க்ளெனும் சக மெர்குரி வீரர் ஸ்காட் கார்பென்டரும் கல்லூரிப் பட்டம் பெற்றிருக்கவில்லை. "அல்லது அதற்கு இணையான" என்ற தொடரின் வழியாக அவர்கள் உள்ளே வந்திருந்தார்கள். அது முறைகேடு அல்ல. க்ளெனின் அறிவிலும் திறமையிலும் யாருக்கும் ஐயமில்லை. பட்டம் என்பது அறிவின் அடையாளம் மட்டுமே, அறிவு வேறு வழியிலும் வரலாம் என்று தேர்வாளர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். பறக்கும் திறன் மட்டும் சோதனை விமானிப் பள்ளியைத் தவிர வேறு வழியில் வராது என்று அவர்கள் ஏன் நினைத்தார்கள் என்பதுதான் கேள்வி. தகுதிப் பட்டியலின் ஒரு வரிக்கு இணை உண்டு, இன்னொரு வரிக்கு இல்லை. எந்த வரி யாருக்காக நெகிழ்கிறது என்று பார்த்தால், ஒரு நிறுவனம் தன் மனத்தில் யாரை வரைந்து வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த வாதத்துக்கு வரலாற்றிலேயே ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. 1963-இல் மூன்றாவது குழுவைத் தேர்ந்தெடுத்தபோது, சோதனை விமானியாக இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையை நாசா தளர்த்தியது. 1965-இல் விஞ்ஞானிகளையே விண்வெளி வீரர்களாக எடுத்தது. ஆனாலும் 1978 வரை ஒரு பெண்கூட வரவில்லை. அப்படியானால் குற்றவாளி தகுதி நிபந்தனை அல்ல, மனச்சாய்வுதானே? ஓரளவுக்கு ஆம். கதவைத் திறந்துவைத்தால் போதும், ஆட்கள் தாமாக வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972-இல் அரசுத் துறைகளையும் கட்டுப்படுத்தத் தொடங்கியது. விண்வெளி ஓடத்தில் விமானம் ஓட்டத் தெரியாத ஆய்வாளர்களுக்கும் இடம் கிடைத்தது. பெண்களும் சிறுபான்மையினரும் விண்ணப்பிக்க வேண்டும் என்று நாசா ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தது. எல்லாம் சேர்ந்த பிறகு 8,000-க்கு மேல் வந்த விண்ணப்பங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பெண்களுடையவை. 1978 ஜனவரியில் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள். ஆனால் அந்த மறுப்பு தொடாத இடம் ஒன்று உண்டு. ஆறு பேரும் ஆய்வாளர் பிரிவில் வந்தவர்கள். பைலட் பிரிவில் பூஜ்யம். ஏனென்றால் பைலட் பிரிவுக்கு ஜெட் விமானத்தில் பொறுப்பு விமானியாக 1,000 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அமெரிக்க விமானப்படையோ பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியதே 1976-இல். ஓடத்தின் கமாண்டர்களோ பைலட் பிரிவிலிருந்து மட்டுமே வந்தார்கள். உள்ளே வரும் வாசல் திறந்துவிட்டது. தலைமைக்குப் போகும் வாசல் மூடியே இருந்தது.

சாலி ரைட் 1983-இல் பறந்தார். ஐலீன் காலின்ஸ் கமாண்டராக ஓடத்தை ஓட்டியது 1999 ஜூலையில். இடையில் 16 ஆண்டுகள். காலின்ஸ் 1978-இல் விமானப்படைப் பயிற்சிக்குச் சேர்ந்து, பயிற்றுநராகி, சரக்கு விமானங்கள் ஓட்டி, 1990-இல் சோதனை விமானிப் பள்ளியை முடித்து, அதே ஆண்டில் நாசாவுக்குத் தேர்வானார். 1995 பிப்ரவரியில் முதல் பெண் பைலட்டாகப் பறந்தார். அந்த ஏவுதலைப் பார்க்க லவ்லேஸ் அன்று சோதித்த பெண்களில் சிலரை அவர் அழைத்திருந்தார். ஒருவருடைய 21 ஆண்டு வாழ்க்கை, ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்காமல், முறையாக ஏறிப்போன வாழ்க்கை. இதைச் சாதனை என்று கொண்டாடும்போதே இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். விண்வெளி ஓடங்கள் மொத்தம் 135 முறை பறந்தன. பெண் கமாண்டராக இருந்தவை மூன்று: காலின்ஸ் இரண்டு முறை, பமேலா மெல்ராய் ஒரு முறை. ஓடத்தை ஓட்டும் தகுதி பெற்ற பெண் பைலட்டுகளாக முப்பது ஆண்டுகளில் பறந்தவர்களும் மூவர்தான். முதல் தலைமுறை ஏறி முடிப்பதற்குள் ஓடமே ஓய்வு பெற்றுவிட்டது.

அதே நாசா, அதே ஆண்டுகள், ஆனால் சர்வதேச விண்வெளி நிலையத்தின் கதை வேறு. அங்கே கமாண்டராக இருக்க ஜெட் ஓட்டியிருக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் ஒரு குழுவை நடத்தத் தெரிய வேண்டும். பழுது வந்தால் பதறாமல் இருக்க வேண்டும். 2007-இல் விட்சன் அந்தப் பொறுப்பை ஏற்றார். மெல்ராய் ஓட்டிவந்த ஓடம் அவர் பொறுப்பிலிருந்த நிலையத்தில் வந்து இணைந்தது அந்த அக்டோபரில்தான். பின்னர் விட்சன் விண்வெளி வீரர்கள் அலுவலகத்துக்கே தலைவரானார். முதல் பெண் என்பதோடு, ராணுவத்திலிருந்து வராத ஒருவராகவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 2017-இல் மறுபடி நிலையத்தின் கமாண்டர். ஆக்ஸியம்-4 முடிந்தபோது விண்வெளியில் அவர் கழித்த நாள்கள் 695. அவருக்காக யாரும் எந்த அளவுகோலையும் தாழ்த்தவில்லை. கட்டளையிடுவது என்றால் என்ன வேலை என்று யோசித்து அந்த வேலைக்கு ஏற்ற அளவுகோலை வைத்தார்கள். தலைமை என்பதை ஓட்டுநர் இருக்கையோடு ஒட்டிவைத்திருந்தால் விட்சன் கடைசிவரை நல்ல ஆய்வாளராகவே இருந்திருப்பார்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். இந்திய விமானப்படை 1990-களின் நடுவில் பெண்களை ஹெலிகாப்டர்களுக்கும் போக்குவரத்து விமானங்களுக்கும் விமானிகளாக எடுத்தது. போர் விமானங்களுக்கு 2015 அக்டோபரில்தான் ஒப்புதல் கிடைத்தது, அதுவும் பரிசோதனை முறையில். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016 ஜூன் 18 அன்று துண்டிகலில் பொறுப்பேற்றார்கள். அந்தப் பரிசோதனை நிரந்தரமானது 2022-இல். ஆண்கள் போர் விமானிகளாகச் சேர்ந்தபோது அதை யாரும் பரிசோதனை என்று அழைத்ததில்லை என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ககன்யானுக்கான தேர்வு நடந்தது 2019-இல். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வர்: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நாயர் 1998-இலும் சுக்லா 2006-இலும் விமானப்படையில் பொறுப்பேற்றவர்கள். தேர்வு நடந்தபோது சுக்லாவுக்கே 13 ஆண்டு அனுபவம். முதல் பெண் போர் விமானிகளுக்கு மூன்று ஆண்டு. சோதனை விமானிகளில் பெண்கள் இல்லை என்று தேர்வாளர்கள் சொன்னால் அது நூற்றுக்கு நூறு உண்மை. 1959-இல் நாசா சொன்னதும் நூற்றுக்கு நூறு உண்மைதான். அறுபது ஆண்டுகள் கழித்து, அதன் விளைவுகளைப் பற்றி நூலகம் நிறையப் புத்தகங்கள் வந்த பிறகும், அதே வாசலை அதே இடத்தில் கட்டியிருக்கிறோம். இதில் ஒரு முரண்: 2018-இல் மனித விண்வெளிப் பயணத் திட்டத்துக்கு இயக்குநராக அமர்த்தப்பட்டவர் வி.ஆர்.லலிதாம்பிகா, ஒரு பெண்.

முதல் பயணத்துக்குச் சோதனை விமானிதான் வேண்டும், இதில் சமத்துவம் பேசுவது ஆபத்து என்று சொல்வார்கள். இந்த மறுப்பை நான் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். புதிய கலத்தில் எதிர்பாராதது நடக்கும்போது, இதற்கு முன் எதிர்பாராததைச் சந்தித்த ஒருவர் உள்ளே இருப்பது நல்லது. 1962 பிப்ரவரியில் க்ளெனின் கலத்தில் தானியங்கிக் கட்டுப்பாடு மக்கர் செய்தபோது அவர் கையால் ஓட்டிக் கொண்டுவந்தார். ஆனால் அந்த வாதம் குழுவில் ஒருவருக்குப் பொருந்தும். நால்வருக்கும் பொருந்தும் என்பதற்கு அது போதாது. மெர்குரி கலமே மனிதர் தொடாமல் பறக்கும்படி வடிவமைக்கப்பட்டது; 1961 ஜனவரியில் ஹாம் என்ற சிம்பன்சி அதில் போய்வந்தது. ககன்யானும் தானாக இயங்கும் கலம்தான். அதன் ஆளில்லாச் சோதனைப் பயணத்துக்காக இஸ்ரோ செய்திருக்கும் பாதி உடல் மனித இயந்திரத்துக்கு வியோமித்ரா என்று பெயர் வைத்து, பெண் உருவமும் பெண் குரலும் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேர்வில் மட்டும் பெண் கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை.

வலுவான இன்னொரு மறுப்பு சோவியத் அனுபவம். வாலன்டினா தெரஸ்கோவா ஒரு நெசவாலைத் தொழிலாளி. பாராசூட்டில் குதிக்கத் தெரிந்தவர். 1963 ஜூனில் பறந்தார். வாசலையே எடுத்துவிட்டார்கள். என்ன ஆயிற்று? அடுத்த சோவியத் பெண் பறக்க 19 ஆண்டுகள் ஆயின. இடையில் பெண்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். தகுதியைத் தளர்த்தினால் விளம்பரம் கிடைக்கும், தொடர்ச்சி கிடைக்காது என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். 1982-இல் பறந்த ஸ்வெத்லானா சவித்ஸ்கயா சோதனை விமானியாகவே இருந்தவர் என்பதும் அவர்கள் பக்கம் பேசும். ஒரு தடவைக்காக வாசலை அகற்றுவதை நான் கேட்கவில்லை. வாசலுக்குப் பின்னால் படிக்கட்டு வேண்டும். தெரஸ்கோவாவுக்குப் பின்னால் அது இல்லை. விட்சனுக்குப் பின்னால் இருந்தது. அதனால்தான் அவர் முதலாமவராக மட்டும் நின்றுவிடவில்லை.

பெண்களுக்கு இதில் ஆர்வம் குறைவு என்ற பேச்சுக்கு இந்தியப் பயணிகள் விமானங்களே பதில். இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலக சராசரி அதில் பாதிகூட இல்லை. இந்தியச் சமூகம் பெண்ணுரிமையில் அமெரிக்காவைவிட முன்னே போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. இங்கே வணிக விமானி உரிமம் பறக்கும் பயிற்சிப் பள்ளி வழியாகக் கிடைக்கிறது. பணமும் 200 மணிநேரமும் தேர்வுகளும் போதும். ராணுவம் இடையில் வருவதில்லை. துர்பா பானர்ஜி 1966-இலேயே இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியானார். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களோ பல பத்தாண்டுகள் ராணுவத்திலிருந்து வெளியேறிய விமானிகளையே நம்பியிருந்தன. அங்கே பெண்களுக்கு நிலையான இடம் 1973-இல்தான் கிடைக்கத் தொடங்கியது. ஏழைப் பெண்ணுக்குப் பணம் என்பது ராணுவத்தைவிட உயரமான வாசல் என்பது தனிக் கதை. ஆனால் ஆர்வம் எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

இஸ்ரோவிலும் இதே அமைப்பு, கொஞ்சம் மறைவாக. ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் அரியலூரைச் சேர்ந்த என்.வளர்மதி, சந்திரயான்-2-இன் திட்ட இயக்குநர் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த வனிதா முத்தையா, ஆதித்யா-எல்1-இன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. மூவரும் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள் என்பதில் நாம் மகிழ்கிறோம். மூவரும் செயற்கைக்கோள் செய்யும் பெங்களூரு மையத்தில் பணியாற்றியவர்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. 2003-க்குப் பிறகு முழுநேரத் தலைவர்களாக வந்த ஆறு பேரில், மாதவன் நாயர், ராதாகிருஷ்ணன், சிவன், சோமநாத், நாராயணன் ஆகிய ஐவரும் ராக்கெட் மையங்களின் இயக்குநர் நாற்காலியிலிருந்து வந்தவர்கள். கிரண்குமார் ஒருவர்தான் வேறு வழி. இஸ்ரோவுக்கு இதுவரை பெண் தலைவர் இல்லை. தலைவர் பதவிக்கு ராக்கெட் அனுபவம் தேவை என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. முந்தைய தலைவர்களான ராவும் கஸ்தூரிரங்கனும் செயற்கைக்கோள் பக்கமிருந்து வந்து நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் இருபது ஆண்டுப் பழக்கம் விதி மாதிரி ஆகிவிடுகிறது. பெண்கள் பெயர் வாங்கிய இடத்திலிருந்து பாதை மேலே போகவில்லை. பாதை போன இடத்தில் பெண்கள் மிகக் குறைவு.

காலம் இதைச் சரிசெய்யும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2016-இல் பொறுப்பேற்றவர்கள் சுக்லாவின் வேகத்திலேயே போனாலும் 2029 வாக்கில்தான் அவர் 2019-இல் இருந்த இடத்துக்கு வருவார்கள். அதற்குள் அவர்கள் பெங்களூரிலுள்ள சோதனை விமானிப் பள்ளிக்குள் போயிருக்க வேண்டும். அங்கே ஒவ்வோர் ஆண்டும் எடுப்பது சிலரை மட்டுமே. மோகனா சிங் 2024-இல் தேஜஸ் படைப்பிரிவுக்கு வந்தார். விமானப்படையின் முதல் பெண் பறப்புச் சோதனைப் பொறியாளர் ஆஷ்ரிதா ஓலெட்டி அந்தப் படிப்பை 2021-இல் முடித்தார். படிகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. 2023-இல் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத், எதிர்காலத்தில் பெண் சோதனை விமானிகளையோ பெண் விஞ்ஞானிகளையோ அனுப்ப விரும்புவதாகச் சொன்னார். அதில் "விஞ்ஞானிகளையோ" என்ற பகுதிதான் முக்கியம். அது பேட்டியில் சொல்லப்பட்டது. அடுத்த குழுவுக்கான தகுதிப் பட்டியல் எழுதப்படும்போது, "சோதனை விமானி" என்பதற்குப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையான" என்ற தொடர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1959-இன் பட்டியலில், பட்டப்படிப்புக்குப் பக்கத்தில், அது இருந்தது. க்ளென் அதன் வழியாகத்தான் உள்ளே போனார்.